நிலைவாசலுக்கு மேல் மூன்று வரி

ஜூன் மாதம் எங்கள் ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போன மாதாந்திரப் படிவத்தில் பிறப்பு ‘இல்லை’, இறப்பு ‘இல்லை’ என்று கிராம நிர்வாக அலுவலர் தணிகைமணி தம் கையால் எழுதி முத்திரையும் வைத்திருந்தார். அந்த மாதத்தில் அலுவலகத்தைத் தாண்டி மூன்று பாடைகள் போயின. அவற்றில் ஒன்றுக்குத் தணிகைமணியே நாற்காலியை விட்டு எழுந்து வாசலில் நின்று கும்பிட்டார். ஆனால் பதிவு செய்ய யாரும் வரவில்லை. யாரும் வந்து சொல்லாத சாவை அரசாங்கம் தானாக எழுதிக்கொள்ள முடியாது.

காரணம் புதுக் கட்டடம்.

பதினோரு வருஷமாக ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் கிராம நிர்வாக அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட் ஷீட் கூரை. மழை வந்தால் பட்டா நகல்களைப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு மேலே குடை பிடிப்பார்கள். அந்த அறைக்கு எல்லாரும் வந்தார்கள். அழுதுகொண்டும் வந்தார்கள், குடித்துவிட்டும் வந்தார்கள். வைகாசி விசாகத்தன்று புதுக் கட்டடம் திறந்தார்கள். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையோரம், படியில் நின்றால் மலை நேராகத் தெரியும் இடம். கட்டியவர் ஒப்பந்ததாரர் நாகேந்திரன். அரசாங்கம் கேட்காத ஒன்றை அவர் தம் அன்பளிப்பாகச் செய்தார். நிலைவாசலுக்கு மேல் ஒரு கறுப்புக் கிரானைட் பலகை. அதில் உளியால் வெட்டிப் பொன் வண்ணம் பூசிய மூன்று வரிகள். முதல் வரி ‘ஓம் சரவணபவ’. இரண்டாவது வரி ‘உபயம்: எம். நாகேந்திரன், ஒப்பந்ததாரர்’. மிச்சம் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் ‘கிராம நிர்வாக அலுவலகம்’. இந்த வரிசை தப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அரசு அலுவலகத்தில் எந்த மதத்தின் சாமி படமும் இருக்கக் கூடாது என்று பழைய உத்தரவு ஒன்று உண்டு. அநேகமாக எல்லா அலுவலகத்திலும் அது பைலில் பத்திரமாக இருக்கும். பைல் இருக்கிற பீரோவுக்கு மேலே சாமி படம் இருக்கும். எனவே தணிகைமணி புதிதாக எதையும் மீறிவிட்டதாக நினைக்கவில்லை. சொல்லப்போனால், நாகேந்திரன் தம் பெயரை மட்டும்தான் வெட்டச் சொல்லியிருந்தார். மேலே முருகன் பெயரையும் போடலாமே என்று கேட்டவர் தணிகைமணிதான். இருபத்துமூன்று வருஷமாக ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்து, ஒரு வருஷம்கூடத் தவறாமல் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறுகிறவர். தினமும் காலையில் அந்த வரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் பூட்டைத் திறப்பார்.

ஊரும் அப்படியே நடந்துகொண்டது. வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சுவரில் வெற்றிலை எச்சில் விழவில்லை. அடங்கல் நகல் வாங்க வந்த ஒரு கிழவர் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். தணிகைமணிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அவர் நினைத்துப் பார்க்காதது ஒன்றுதான். கிராமத்தில் வீட்டில் நடக்கும் பிறப்பு, இறப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் பதிவாளர். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறு நாள் தீட்டு. பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள். அந்த நாட்களில் மலை ஏறமாட்டார்கள், கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள், சாமி பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே நுழையமாட்டார்கள். சட்டம் பதிவு செய்ய இருபத்தொரு நாள் தருகிறது. அதில் முக்கால்வாசியைத் தீட்டு எடுத்துக்கொள்கிறது. மீதி நாளில் ஜனங்களுக்குத் தறி இருக்கிறது, களை எடுப்பு இருக்கிறது, மறதி இருக்கிறது.

ஊரில் இருந்த இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் வழக்கம்போல உள்ளே போய் வந்தார்கள். அந்த வரியால் அவர்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. முருகனைக் கும்பிடுகிறவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

இதைத் தணிகைமணிக்குச் சொன்னவன் கிராம உதவியாளர் எல்லப்பன். ஜூலை முதல் வாரத்தில், படிவத்தை மடித்துக் கவரில் போட்டபடியே சொன்னான்.

“சாவு ஊட்டுக்காரன் எப்டி சார் சாமி பேருக்குக் கீழ பூந்து வருவான்? நீங்களா இருந்தா வருவீங்களா?”

தணிகைமணி யோசித்துப் பார்த்தார். போன வருஷம் அவருடைய பெரியம்மா செத்தபோது பதினாறு நாளும் பஸ் ஜன்னல் வழியாகக்கூட மலையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு வேலைக்கு வந்தவர் அவர். வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வெளியே போனார். வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தீட்டுக்காரர்களுக்கு அங்கேயே எழுதினார். பத்து நாள் நன்றாக நடந்தது. பதினோராம் நாள் தணிக்கைக்கு வந்த அதிகாரி, இறப்புப் பதிவேட்டின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பதிவேடு அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று மெமோ கொடுத்துவிட்டுப் போனார். அதில் காக்கையைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்தது.

அதன்பிறகு பின்பக்க ஜன்னல். பதிவேடு உள்ளே ஜன்னல் விளிம்பில் இருக்கும். ஆள் வெளியே நிற்பார். கை மட்டும் கம்பி வழியாக உள்ளே வந்து கையெழுத்துப் போடும். சட்டப்படி பதிவேடு அறையை விட்டு வெளியே வரவில்லை. சாஸ்திரப்படி ஆள் அறைக்குள் வரவில்லை. அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கக்கூஸ் தொட்டியின் மூடி இருந்தது. அதன்மேல்தான் நிற்க வேண்டும், சுற்றிலும் முள். எட்டுப் பேர் அந்த மூடிமேல் நின்று தங்கள் அப்பாவையும் அம்மாவையும் எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சரியான வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று தணிகைமணி நம்பத் தொடங்கிய சமயத்தில்தான் புவனா வந்தாள்.

புவனாவின் விஷயம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் பரணிதரன் எங்கள் ஊரிலேயே, அம்மையார்குப்பம் போகும் பக்கம், பவர்லூம் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. இந்த வருஷம் உண்டானதும், காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பிரசவத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று நர்சம்மா சொன்ன தைரியத்தில் ஆடிக் கிருத்திகையன்று காலையில் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினான். பதினொரு மணிக்குப் புவனாவுக்கு வலி கண்டது. சாலை முழுக்கக் காவடி, ஆர்.கே.பேட்டை பக்கமிருந்தும் பள்ளிப்பட்டு பக்கமிருந்தும் ஜனம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. நர்சம்மா நடந்தே வந்து சேர்ந்தாள். வீட்டோடு ஒட்டிய தறிக்கொட்டகையில் பன்னிரண்டரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்சம்மா எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, எல்லாம் நல்லாயிருக்கு என்றாள். அந்த நேரத்தில் பரணிதரன் மலையில் முந்நூறாவது படியில் இருந்தான்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மற்றதை ஊர் சொன்னது. பிள்ளை பிறந்த நிமிஷத்திலிருந்து தகப்பனுக்குத் தீட்டு; தீட்டோடு காவடி சுமந்து சந்நிதி வரைக்கும் போனான்; சாமி விடுமா என்றார்கள். பரணிதரனின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவன் தறி ஓட்டுவதை நிறுத்திவிட்டான்.

பதினாலாம் நாள், பிள்ளை பெற்றவள் தெருவில் இறங்கக் கூடாது என்று மாமியார் தடுத்தும் கேட்காமல், புவனா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். பின்னால் பத்தடி தள்ளிப் பரணிதரன். இருவரும் வாசலுக்கு வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். எல்லப்பன் போய் விசாரித்துக்கொண்டு வந்தான். பிறப்பும் எழுத வேண்டும், இறப்பும் எழுத வேண்டும்.

தணிகைமணி இரண்டு பதிவேட்டையும் எடுத்துப் பின் ஜன்னலில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்படி எல்லப்பனிடம் சொல்லி அனுப்பினார். புவனா வரவில்லை. கால்மணி நேரம் கழித்து அவரே வெளியே போனார். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகிறோம், இதில் குறைவு ஒன்றும் இல்லை என்று விளக்கினார். இதே ஜன்னலில்தான் பழைய பஞ்சாயத்துத் தலைவருடைய மகன்கூட வந்து தன் அப்பாவை எழுதினான் என்றும் சொன்னார்.

புவனா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“கக்கூஸ் பக்கமா நின்னு எழுதறதுக்கு, என் கொழந்த இன்னா சார் தப்பு பண்ணுச்சு?”

அப்படியானால் முன்வாசல் வழியாகவே வாம்மா, யார் கேட்பது, நான் இருக்கிறேன் என்றார். அவள் நிமிர்ந்து கிரானைட்டைப் பார்த்தாள்.

“ஒரு தரம் தெரியாம தாண்டுனோம். தெரிஞ்சி இன்னொரு தரம் தாண்ட மாட்டேன்.”

பரணிதரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுதாமல் விட்டால் என்ன என்று அவளைக் கேட்டவர்கள் இருந்தார்கள். மாமியாரே கேட்டாள். குழந்தை பதினோராம் நாள்வரை இருந்திருந்தால்தான் பெயர் வைத்திருப்பார்கள். பெயர் வைக்காத குழந்தையை எங்கே எழுதுவது, எழுதி என்ன ஆகப் போகிறது என்பது அவள் வாதம். புவனா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எல்லப்பனிடம் மட்டும், கிளம்பும்போது, குழந்தைக்கு அபி என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டதாகவும், நாலு நாளும் அப்படித்தான் கூப்பிட்டதாகவும், அது தன்னையும் குழந்தையையும் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். போட்டோ எதுவும் எடுக்கவில்லை; பிறந்த குழந்தையை எடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். தொட்டிலை மாமியார் கொடுத்துவிட்டாள். ஏதாவது ஒரு காகிதத்தில் அது இருக்க வேண்டும்.

இதை எல்லப்பன் வந்து சொன்னதும் தணிகைமணி பூட்டைப் போட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்துத் தாலுகா அலுவலகத்துக்குப் போனார். இன்னும் ஏழு நாள்தான். தாண்டினால் மேலிடத்து அனுமதி, தாமதத்துக்கு விளக்கம், விசாரணை என்று போகும். வீட்டில் பிறந்த, இப்போது உயிரோடும் இல்லாத ஒரு குழந்தைக்காக அந்தப் பெண்ணை ஒவ்வொரு மேஜையாக நிற்க வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவரே பலரை அப்படி நிற்க வைத்திருக்கிறார்.

வாசலுக்கு மேலிருக்கும் முதல் வரியை நீக்க அனுமதி வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு போயிருந்தார். அங்கே சம்பந்தப்பட்ட பிரிவில் இருந்தவர் கட்டடத்தின் பைலை எடுத்து, வரைபடத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். வரைபடத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. வரி வெட்ட அனுமதி கொடுத்ததாகவும் ஆவணம் இல்லை. அரசு ஆவணப்படி இல்லாத ஒன்றை நீக்க அரசு எப்படி அனுமதி கொடுக்கும் என்று அவர் நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். இருந்தால் நீக்கலாம், இல்லாததை நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கேள்வி வரும். தணிகைமணி மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

ஊருக்குள் அதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அலுவலக வாசலில் நாகேந்திரன் தம் வண்டியின் மேல் சாய்ந்து நின்றார். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

“இன்னா மணி சார், சாமி பேர வெட்டப் போறியாமே. ஊர்ல இன்னா பேசிக்கினு கீறானுங்க தெரியுமா? நீ மதம் மாறிட்டன்னு.”

தணிகைமணி நெற்றியில் இருந்த விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். நாகேந்திரன் கேட்டார், கேட்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கும் பேத்தி இருக்கிறது. கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பொண்ணு பாவம்தான், ஆனால் ஒரு தரம் பூஜை போட்டுத் தேங்காய் உடைத்து வைத்த சாமி பெயரில் உளியை வைக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொத்தனாரும் வரமாட்டான் என்றார்.

“வேணா நீயே வெட்டிக்க நைனா. கை வெளங்காம பூட்டா என்னாண்ட வராத.”

அது மிரட்டல் இல்லை. அவர் நிஜமாகவே பயந்தார். தணிகைமணியும் பயந்தார். அன்று இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை ஊர் பார்த்தது. பொன் வண்ணம் கொஞ்சமும் மங்கவில்லை. நாகேந்திரன் எதிலும் மட்டமான சரக்குப் போடுவார், அதில் மட்டும் போடவில்லை.

மறுநாள் தணிகைமணி பட்டா மாற்றத்துக்கு வந்தவர்களை நாளை வரச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து, மூடி வைத்தார். சாயங்காலம் எல்லப்பனைக் கூப்பிட்டு, போன வருஷம் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குத் திருப்பணி நடந்ததே, அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்டார். கேட்டவருக்கும் பதில் தெரியும்; சொன்னவனுக்கும் அது தெரியும். கோயிலில் கட்டட வேலை தொடங்கும் முன் சாமியைக் கலசத் தண்ணீரில் இறக்கி வேறிடத்தில் வைப்பார்கள். பாலாலயம் என்று பெயர். இறக்கிய பிறகு உள்ளே இருப்பது வெறும் கல். கொத்தனார் தொடலாம், ஏணி சாத்தலாம், உளி வைக்கலாம்.

எல்லப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சிலைக்கு சார், எழுத்துக்குச் செய்ய முடியுமா என்றான். எழுத்துக்குக் கீழே நுழையப் பயப்படுகிறோம் என்றால் எழுத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம், இருந்தால் இறக்கலாம் என்றார் தணிகைமணி. இந்த நியாயத்தில் எல்லப்பனால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் ஒரு குருக்களைக் கேட்டார்கள். அரசு கட்டடத்துக்கெல்லாம் ஆகமத்தில் வழி சொல்லவில்லை என்று அவர் கை விரித்துவிட்டார். ஆனால் போகும்போது கூப்பிட்டு, தருப்பை ரெண்டு கட்டு சும்மாவே கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் காலை ஆறு மணிக்குத் தணிகைமணி குளித்து, ஈர வேட்டியோடு ஏணியில் ஏறினார். ஒரு செம்புக் குடத்தில் தண்ணீர், மாவிலை, மேலே தேங்காய். குடத்தின் கழுத்தில் கட்டிய தருப்பைக் கயிற்றின் மறுமுனையைக் கிரானைட்டில் முதல் வரியின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். கீழே எல்லப்பன் ஏணியைப் பிடித்திருந்தான். சாலையில் பால் வண்டிக்காரர் நிறுத்தினார். பள்ளிப்பட்டு டவுன் பஸ் நின்று, டிரைவர் எட்டிப் பார்த்தார். நாகேந்திரனும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். மந்திரம் எதுவும் தணிகைமணிக்குத் தெரியாது. இருபத்துமூன்று வருஷம் படியேறியபோது சொன்னதையே சொன்னார். பிறகு மெதுவாக, ஒரு மேலதிகாரியிடம் பேசுகிற குரலில், வேண்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

“அப்பா, கூப்ட்டது நான்தான். தப்பு என்து. நீ மலைக்கே போய்டுப்பா. இங்க வர்றவங்களுக்கு வேற எடம் இல்ல.”

கயிற்றைச் சுருட்டிக் குடத்துக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்தார். பஸ் டிரைவர் ஏறச் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். எல்லப்பன் பின்னாலேயே போனான். படி ஏறும்போது முழங்கால் வலி எடுத்து மூன்று இடத்தில் நின்றார், குடத்தை இறக்கவில்லை. மேலே கோயில் வாசலில் அறநிலையத் துறையின் பெயர்ப்பலகை பெரிதாக இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் நினைக்கவில்லை. அதைக் கழற்ற அவர் வரவில்லை. பிராகாரத்தில் ஒரு மரத்தடியில் குடத்துத் தண்ணீரை ஊற்றப் போனபோது அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் வழுக்கும், இங்கே கொட்டாதே என்று அதட்டினாள். இது என்ன தண்ணீர் என்று எல்லப்பன் சொன்னான். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடியில் இருந்த சருகைக் கையாலேயே ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

அன்று பிற்பகலே கொத்தனார் வெங்கடேசன் வந்தான். ஏணியில் ஏறி, உளியை எடுப்பதற்கு முன் பலகையின்மேல் காதை வைத்துப் பார்த்தான்.

“சாமி எறங்கிட்டாரா சார்? மிச்சம் மீதி ஒண்ணும் இல்லியே?”

இல்லை என்றார் தணிகைமணி. நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன் என்றார். வெங்கடேசன் வேலையைத் தொடங்கினான். முதல் அடி விழுந்தபோது எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முதல் வரி போய், சொரசொரப்பான சாம்பல் பட்டை ஒன்று இருந்தது.

அப்போதுதான் புதுச் சிக்கல் கண்ணில் பட்டது. இப்போது வாசலுக்கு மேல் முதல் வரியாக ‘உபயம்: எம். நாகேந்திரன், ஒப்பந்ததாரர்’ என்று பளபளவென்று நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஒரு விவசாயி பழக்கத்தில் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாகேந்திரன் முகம் வெளுத்துவிட்டது.

“யோவ், என் பேரையும் எட்துடுயா. சாமி இருந்த எடத்துல நான் குந்த மாட்டேன்.”

வெங்கடேசன் மறுபடி உளியை எடுத்தான். சாயங்காலத்துக்குள் இரண்டு வரியும் போயிற்று. அடியில் சின்ன எழுத்தில் கிராம நிர்வாக அலுவலகம் மட்டும் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் படிக்க முடியாது. எல்லப்பன் போய்ப் புவனாவின் வீட்டில் சொன்னான்.

பத்தொன்பதாம் நாள் அவள் வரவில்லை. தணிகைமணி ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்று மாமியார் வீட்டில் பேச்சு முற்றிவிட்டதென்றும், பெயர் இல்லாததை எழுதினால் அது வீட்டைச் சுற்றும் என்று யாரோ சொன்னதாகவும் எல்லப்பன் கேள்விப்பட்டு வந்தான். சாமியை மலைக்கு அனுப்பியாயிற்று. மாமியாரை எங்கே அனுப்புவது என்பதற்கு முறை எதுவும் இல்லை.

இருபதாம் நாள் பதினொரு மணிக்கு வந்தார்கள். இந்தத் தடவை பரணிதரன் முன்னால் வந்தான். வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. படிக்குக் கீழே வந்து நின்று பலகையைப் பார்த்தான். சாம்பல் பட்டையை வெகுநேரம் பார்த்தான். தணிகைமணி எழுந்து வாசல்வரை வந்தார்.

“போய்ட்டாரா சார்?” என்றான்.

“போய்ட்டாருப்பா.”

“கோவமா போனாரா?”

தணிகைமணி பொய் சொல்லத் தெரிந்தவர்தான். முப்பது வருஷ உத்தியோகம். ஆனாலும் படியேறியபோது மூன்று இடத்தில் நின்றதையும், குடம் ஒரு சொட்டுக்கூடத் தளும்பாததையும் நினைத்துப் பார்த்தார்.

“பாரமே தெரியலப்பா. சும்மா வந்தாரு.”

பரணிதரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கிருத்திகைக்குப் பிறகு அவன் அழுததை அன்றுதான் பார்த்தோம். புவனா அவன் தோளைத் தொட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு படியேறி, நிலையில் ஒரு கணம் கையை ஊன்றி, உள்ளே வந்தாள்.

எல்லப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டான். தணிகைமணி பிறப்புப் பதிவேட்டைத் திறந்து நர்சம்மா சீட்டைப் பார்த்து எழுதினார். தேதி. நேரம். பெண். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தறிக்கொட்டகை என்று எழுதலாமா என்று கேட்டார், எழுதுங்கள் என்றாள். தகப்பன் பெயர், தாய் பெயர். குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். அவருக்கு எல்லப்பன் மூலம் பெயர் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

“கொழந்த பேர் இன்னாம்மா?”

புவனா அதை வெளியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அவர் எழுதினார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

இறப்புப் பதிவேட்டைத் தணிகைமணி எடுக்கவில்லை. எல்லப்பன்தான் எடுத்து வைத்தான். அதில் எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வயது என்ற இடத்தில் நாலு நாள். அதற்குக் கையெழுத்துப் போட அவள் பேனாவை எடுத்தபோது, பரணிதரன் உள்ளே வந்து அதை வாங்கிக்கொண்டான்.

சான்றிதழ்கள் கம்ப்யூட்டரில் ஏறி வர நாலு நாள் ஆயிற்று. புவனா தானே வந்தாள். தணிகைமணி இரண்டையும் ஒரு கவரில் போட்டு நீட்டினார். அவள் அங்கேயே பிரித்தாள். பிறப்புச் சான்றிதழில் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். மடித்தால் கோடு விழும் என்று, மடிக்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதைக் கவரோடு மேஜைமேல் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்.”

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் எந்தச் சான்றிதழையும் விடக் கூடாது என்பது விதி. வாங்கிக்கொள்ளாத சான்றிதழை என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. தணிகைமணி அவளைக் கூப்பிடவில்லை. அவள் வாசல் வழியாக வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அம்மையார்குப்பம் பக்கமாக நடந்தாள்.